அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து: ஆடும் தகுதியும் ஆட்டக்காரர் ஊதியமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது, அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆகஸ்ட் இறுதி முதல் ஜனவரி வரை ஆடும் அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற ஆட்டம் அது. நாம் வழக்கமாகக் கால்பந்து என்று சொல்வது வேறு. எத்தனை ஆண்டு ஆடலாம் என்ற கேள்வியும் எவ்வளவு பணம் பெறலாம் என்ற கேள்வியும் நெடுங்காலம் தனித்தனியே பேசப்பட்டு வந்தன. இப்போது அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இரண்டுக்கும் சேர்த்தே விடை தர முயன்றிருக்கிறேன். கீழே உள்ளவை 2025-ஆம் ஆண்டு இறுதி வரையிலான நிலவரம்.

ஒரு மாணவர் கல்லூரி அணியில் எத்தனை ஆண்டுகள் ஆடலாம்?

கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவில் உள்ள கல்லூரிகளுக்கு உரிய விதி, ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் என்பதாகும். பருவம் என்பது இங்கே ஓர் ஆண்டின் ஆட்டக் காலம். ஒருவர் ஏதேனும் ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். கல்லூரி மாறினாலும், இடையில் படிப்பை நிறுத்தினாலும், பொதுவாக அந்தக் கணக்கு நிற்பதில்லை. ஐந்தில் ஓர் ஆண்டு பயிற்சி மட்டும் பெற்று, போட்டிகளில் இறங்காமல் இருந்தால், அந்தப் பருவம் நான்கில் ஒன்றாகக் கணக்கிடப்படாது. இப்படி ஓர் ஆண்டை ஒதுக்கி வைப்பதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். முன்பு ஒரே ஒரு ஆட்டத்தில் தலைகாட்டினாலும் பருவம் கழிந்துவிடும். 2018 முதல் நான்கு ஆட்டங்கள் வரை ஆடியும் அந்த ஆண்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் சிலர் ஏழு, எட்டு ஆண்டுகள் ஆடியது எப்படி?

காயத்தால் ஒரு பருவத்தின் பெரும்பகுதியை இழந்தவருக்குக் கூடுதல் ஆண்டு தரும் விலக்கு உண்டு. அதோடு, கொரோனா பரவிய 2020 பருவம் எவர் கணக்கிலும் சேராது என்று அறிவிக்கப்பட்டது. இவை எல்லாம் ஒருவருக்கே வாய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு கேம் மெக்கார்மிக் சான்று. 2016-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அடுத்தடுத்த காயங்களால் பருவம் பருவமாக இழந்து, இறுதியில் 2024-இல் மயாமி பல்கலைக்கழக அணிக்காகத் தம் ஒன்பதாம் ஆண்டில் ஆடினார்.

படிப்பில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது?

பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் 4-க்கு 2.3 என்ற சராசரியாவது பெற்றிருக்க வேண்டும். கல்லூரிக்கு வந்தபின், இரண்டாம் ஆண்டு இறுதிக்குள் பட்டப்படிப்பில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டுக்குள் 60-உம், நான்காம் ஆண்டுக்குள் 80-உம் முடிந்திருக்க வேண்டும்.

இதற்குப் படிப்பு நேரம் வேண்டுமல்லவா? அதற்காகவே பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற விதி 1991 முதல் இருக்கிறது. ஆனால் அந்த 20 மணி நேரத்தை எண்ணும் முறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகவே பதிவாகும். வெளியூர்ப் போட்டிக்காக வெள்ளிக்கிழமை விமானம் ஏறி, விடுதியில் தங்கி, சனிக்கிழமை காலை முதல் கூட்டங்களில் உட்கார்ந்து, மாலையில் ஆடி, நள்ளிரவு கடந்து ஊர் திரும்பும் மாணவரின் ஏட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு எதிரே "3" என்றுதான் இருக்கும். பயணமும், காயத்துக்குச் செய்துகொள்ளும் சிகிச்சையும் கணக்கில் வருவதே இல்லை. படிப்பே முதன்மை என்று சொல்லும் ஓர் அமைப்பின் கணக்கேடு இப்படி இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த விதிகளை எழுதுவது யார்? பணம் யாரிடம் போகிறது?

விதிகளை எழுதுவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஆட்டக்களத்தில் மாணவர்கள் இறந்துகொண்டிருந்ததைக் கண்டு 1905-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டதன் தொடர்ச்சியாக, 1906-இல் அந்தச் சங்கம் உருவானது. பணத்தின் வழி வேறு. 1984-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக நிர்வாகக் குழு தொடுத்த வழக்கில், தொலைக்காட்சி உரிமைகளைச் சங்கம் தன் கைக்குள் வைத்திருந்தது, வணிகப் போட்டியைக் காக்கும் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து கால்பந்து ஒளிபரப்புப் பணம் கல்லூரிகளின் கூட்டமைப்புகளுக்கு நேரே செல்கிறது. பிக் டென் கூட்டமைப்பு 2022-இல் செய்த ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 700 கோடி டாலர் என்று செய்திகள் கூறின.

இவ்வளவு பணம் புரண்டும் ஆட்டக்காரருக்கு ஏன் ஊதியம் தரவில்லை?

இதற்கான விடை ஒரு மரணத்தில் தொடங்குகிறது. 1955-இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். பணியின்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு உரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் ஊழியர் அல்லர் என்று கூறி, 1957-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏறத்தாழ இதே காலத்தில்தான், சங்கத்தின் நிர்வாக இயக்குநராக 1951 முதல் 1987 வரை இருந்த வால்டர் பையர்ஸ், "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லை எல்லா விதிகளிலும் புகுத்தினார். ஆட்டக்காரரை ஊழியர் என்று யாரேனும் தீர்ப்பளித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பிறந்த சொல் அது என்பதை, ஓய்வு பெற்றபின் அவரே எழுதி ஒப்புக்கொண்டார்.

1956 முதல் கல்வி உதவித்தொகை முறைப்படி அனுமதிக்கப்பட்டது: கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள். அதற்கு மேல் ஒரு டாலரும் கூடாது. 1984 தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ், ஆட்டக்காரருக்குப் பணம் தரக்கூடாது என்பது இந்த ஆட்டத்தின் தன்மையைக் காக்கிறது என்று போகிற போக்கில் எழுதிய ஒரு கருத்தைச் சங்கம் முப்பதாண்டுகளுக்கு மேல் கேடயமாக ஏந்தியது. தொலைக்காட்சி வழக்கில் தோற்ற தரப்பு, தோற்ற தீர்ப்பிலிருந்தே தனக்கு ஒரு வெற்றியை எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

அந்தத் தடை நடைமுறையில் எவ்வளவு கடுமையாக இருந்தது?

இரண்டு பேரைச் சொல்கிறேன். ஜெரமி புளூம் பனிச்சறுக்கில் ஒலிம்பிக் வரை சென்றவர்; கொலராடோ பல்கலைக்கழக அணியில் கால்பந்தும் ஆடினார். பனிச்சறுக்குப் பயிற்சிக்கான செலவை விளம்பர ஒப்பந்தங்கள் மூலமே அவரால் ஈட்ட முடிந்தது. கால்பந்துக்கும் அந்த விளம்பரங்களுக்கும் தொடர்பில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடியும் பயனின்றி, 2004-இல் கல்லூரியில் ஆடும் தகுதியை இழந்தார்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. கிரீன், தாம் அணிந்து ஆடிய ஒரு சட்டையை 1,000 டாலருக்கு விற்றதற்காக 2010 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அவர் வெளியே உட்கார்ந்திருந்த அந்த வாரங்களிலும் அவருடைய எட்டாம் எண் பொறித்த சட்டைகள் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன.

நிலைமை எப்போது மாறியது?

படிப்படியாக. கூடைப்பந்து ஆட்டக்காரர் எட் ஓபேனன், வீடியோ விளையாட்டில் தம் உருவத்தைக் கண்டு 2009-இல் தொடுத்த வழக்கில், 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆட்டக்காரர் தம் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றால் பணம் ஈட்டுவதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றியது. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு என்.ஐ.எல். என்று சொல்வது இந்த உரிமையைத்தான். 2021 ஜூன் 21 அன்று, ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். நேரடித் தீர்ப்பு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான் என்றாலும், நீதிபதி காவனா தனியே எழுதிய கருத்து, சங்கம் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல என்று வெளிப்படையாகவே சொன்னது. பத்தே நாளில், ஜூலை 1 அன்று, என்.ஐ.எல். வருமானத்துக்கு இருந்த தடை நாடு முழுவதும் நீங்கியது.

இப்போது கல்லூரியே நேரடியாகப் பணம் தருகிறதா?

ஆம். சங்கத்துக்கு எதிராக ஆட்டக்காரர்கள் தொடுத்த, ஹவுஸ் வழக்கு என்று அறியப்படும் கூட்டு வழக்கின் சமரசத்துக்கு, அதே நீதிபதி வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் தந்தார். 2016 முதல் ஆடியவர்களுக்கு, இழந்த வருமானத்துக்கு ஈடாக ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் வழங்கப்பட வேண்டும். மேலும், 2025 ஜூலை 1 முதல், விரும்பும் கல்லூரிகள் தம் ஆட்டக்காரர்களுக்கு வருவாயில் பங்கு தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அது எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்த தொகை. பெரிய கல்லூரிகள் பலவற்றில் இதில் முக்கால் பங்கு கால்பந்துக்குப் போகிறது. முந்தைய இழப்பீட்டிலும் பெரும்பங்கு ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே ஒதுக்கப்பட்டதால், பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டத்தை மீறுகிறது என்று பெண் ஆட்டக்காரர்கள் சிலர் மேல்முறையீடு செய்தனர்.

தொகை பெரிதாகத் தோன்றலாம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் தலைமைப் பயிற்சியாளரை இடையில் நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். அதன் பக்கத்தில் வைத்து இந்த உச்சவரம்பைப் பார்க்க வேண்டும். ஹார்வர்டு, யேல் போன்ற பழம்பெரும் கல்லூரிகள் அடங்கிய ஐவி லீக்கில் விளையாட்டு உதவித்தொகையே தருவதில்லை. இந்தச் சமரசத்திலும் அக்கல்லூரிகள் சேரவில்லை.

அணியில் 105 பேர்தான் என்ற வரம்பு யாரைப் பாதித்தது?

முன்பு கால்பந்தில் 85 பேருக்கு மட்டுமே உதவித்தொகை தரலாம். ஆனால் அது இல்லாமல் தம் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேர்ந்தவர்களுக்கு வரம்பில்லை. அவர்களை வாக்-ஆன் என்பார்கள். சமரசம் உதவித்தொகை வரம்பை நீக்கிவிட்டு, மொத்த அணிக்கு 105 என்ற வரம்பை வைத்தது. 120, 130 பேர் இருந்த அணிகள், ஒப்புதல் வருமுன்பே ஆட்களைக் கழிக்கத் தொடங்கின. இந்த மாணவர்கள் எழுதிய முறையீடுகளைப் படித்த நீதிபதி வில்கன், 2025 ஏப்ரலில், இதைச் சரிசெய்யாவிட்டால் ஒப்புதல் தர இயலாது என்று கூறிவிட்டார். நீக்கப்பட்டவர்களைக் கல்லூரி விரும்பினால் வரம்புக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று பின்னர் திருத்தப்பட்டது. விரும்பினால் என்ற ஒரு சொல்லில் அந்த மாணவர்களின் இடம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வெளியாரிடமிருந்து வரும் பணத்துக்குக் கட்டுப்பாடு உண்டா?

600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை, டெலாய்ட் நிறுவனம் நடத்தும் பதிவகத்தில் தெரிவிக்க வேண்டும். அணியின் ஆதரவாளர்கள் விளம்பரம் என்ற பெயரில் ஊதியம் தருவதைத் தடுப்பதே நோக்கம். கல்லூரி விளையாட்டு ஆணையம் என்ற புதிய அமைப்பு இதைக் கண்காணிக்கிறது.

ஆடும் காலத்துக்கும் ஊதியத்துக்கும் என்ன தொடர்பு?

ஊதியம் இல்லாத காலத்தில் ஐந்தாண்டு விதி கல்வி சார்ந்த ஏற்பாடாகத் தெரிந்தது. பணம் சட்டப்படி வரத் தொடங்கியதும், ஓர் ஆண்டு ஆடக்கூடாது என்பது ஓர் ஆண்டு சம்பாதிக்கக்கூடாது என்பதற்குச் சமமாகிவிட்டது. இதை நீதிமன்றத்தில் முதலில் நிறுவிக் காட்டியவர் டியேகோ பாவியா.

பெரிய கல்லூரிகள் எதுவும் அழைக்காததால், அவர் நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் என்ற ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து 2020, 2021 பருவங்களை ஆடினார். அடுத்த இரண்டு பருவங்கள் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். 2024-இல் டென்னசியின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அக்டோபர் மாதத்தில் முதலிடத்தில் இருந்த அலபாமா அணியை 40-35 என்று வீழ்த்திய ஆட்டத்தில், பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக்காக நின்றார். கொரோனா ஆண்டு கழிந்தது போக 2021, 2022, 2023, 2024 என நான்கு பருவங்கள் முடிந்துவிட்டன. ஆகவே அவர் இனி ஆட முடியாது என்பது சங்கத்தின் கணக்கு.

பாவியாவின் வாதம் எளிமையானது. ஈராண்டுக் கல்லூரி சங்கத்தின் உறுப்பினரே அல்ல. அங்கே தொலைக்காட்சியும் இல்லை, சொல்லத்தக்க வருமானமும் இல்லை. அங்கே கழிந்த பருவத்தைப் பெரிய கல்லூரியில் கழிந்த பருவத்துக்குச் சமமாக எண்ணினால், ஏழை வழியாக வந்தவருக்குச் சம்பாதிக்கும் ஆண்டு ஒன்று குறைகிறது. நேரே பெரிய கல்லூரியில் சேர்ந்தவருக்கு அப்படிக் குறைவதில்லை. 2024 டிசம்பர் 18 அன்று நாஷ்வில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி வில்லியம் கேம்பெல் இதை ஏற்று இடைக்காலத் தடை வழங்கினார். அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் 2025-26-க்கு மட்டும் ஓர் ஆண்டு தரப்படும் என்று அதே மாதத்தில் சங்கம் அறிவித்தது. கிடைத்த அந்த ஓர் ஆண்டில் பாவியாவின் அணி பத்து ஆட்டங்களில் வென்றது. சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பைத் தேர்வில் அவர் இரண்டாமிடம் பெற்றார்.

எல்லா நீதிமன்றங்களும் அப்படியே தீர்ப்பளித்தனவா?

இல்லை. இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் இரு பருவங்கள் ஆடிவிட்டு விஸ்கான்சினுக்கு வந்த நிசியர் ஃபோர்குரின், 2025 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றத்தில் வென்றார். அதே ஆண்டு ஜூலையில் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கிவிட்டது. வணிகப் போட்டி எந்தச் சந்தையில் கெடுகிறது என்பதை அவர் தரப்பு நிறுவவில்லை என்பது காரணம். ஒரே விதி, ஆனால் எந்த மாநிலத்தில் வழக்குத் தொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் ஆடுகிறார், இன்னொருவர் வீட்டுக்குப் போகிறார். இந்த நிலை நீடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

கல்லூரி பிடிக்காவிட்டால் நேரே தொழில்முறைக் கால்பந்துக்குப் போகலாமே?

முடியாது. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் கடந்த பின்னரே தேசியக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும் நிகழ்வில் கலந்துகொள்ள இயலும். 2002-இல் ஓஹாயோ ஸ்டேட் அணி தேசிய வாகையர் பட்டம் வெல்லக் காரணமான மாரிஸ் கிளாரட், இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்து முதலில் வென்று, 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். அத்தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றம் சென்ற சோனியா சோட்டோமேயர்.

அவர் தோற்ற காரணம்தான் நம் கேள்விக்கு முக்கியம். தொழில்முறை லீக்கில் ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது; வேலை நிபந்தனைகளை லீக் அந்தத் தொழிற்சங்கத்துடன் பேரம் பேசி முடிவு செய்கிறது; அப்படிப்பட்ட நிபந்தனைகளுக்குள் போட்டிச் சட்டம் நுழையாது. கல்லூரி விதிகள் ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் சரிவதற்கும், லீக்கின் அதைவிடக் கடுமையான விதி அசையாமல் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒன்றில் மேசையின் மறுபுறம் ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மற்றொன்றில் அந்த நாற்காலி காலி.

கல்லூரி ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் அமைக்க முயலவில்லையா?

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டக்காரர்கள் 2014-இல் முயன்றனர். அவர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி முடிவு செய்தார். 2015-இல் வாரியம், தான் இதில் தலையிடப்போவதில்லை என்று கூறி மனுவைத் தள்ளியது. டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தது. ஆண்டு இறுதியில் மனு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் 2024 ஜூலையில், ஜான்சன் வழக்கில், மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி ஆட்டக்காரர் சிலர் ஊதியச் சட்டத்தின்படி ஊழியராகக் கருதப்பட இடமுண்டு என்று கூறியிருக்கிறது. டென்னிசனின் மனைவி கேட்ட கேள்வி ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது.

அயல்நாட்டு மாணவர்களுக்கு ஊதியம் உண்டா?

எஃப்-1 மாணவர் விசாவில் உள்ளவர் அனுமதியின்றி வேலை செய்து வருமானம் பெறுவது விசாவையே பறிக்கக்கூடும். கல்லூரி அணிகளில் பந்தை உதைப்பதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் இளைஞர்கள் பலர். அவர்களுக்கும், எந்த விளையாட்டிலாவது கல்லூரி அணியில் இடம்பெறும் இந்திய, இலங்கை மாணவர்களுக்கும் இது பொருந்தும். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

அப்படியானால் ஆண்டு வரம்பே வேண்டாம் என்கிறீர்களா?

வரம்பு வேண்டும் என்றே கருதுகிறேன். 105 இடங்கள்தான் என்றான பின், 24 வயதுக்காரர் ஒருவர் தங்கும் ஒவ்வோர் ஆண்டும், பள்ளி முடித்து வரும் ஒருவருக்கு அந்த இடம் இல்லை. அவருக்காக வாதாட எந்த வழக்கறிஞரும் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. ஆனால் அந்த வரம்பு நான்கா, ஐந்தா, ஈராண்டுக் கல்லூரியை எப்படி எண்ணுவது என்பதையெல்லாம், அதனால் வருமானம் இழக்கப்போகிறவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாடாளுமன்றம் என்ன செய்கிறது?

2025 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவரப்பட்ட ஸ்கோர் மசோதா, சங்கத்தின் விதிகளுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து பாதுகாப்புத் தரவும், ஆட்டக்காரர்கள் ஊழியர்கள் அல்லர் என்று அறிவிக்கவும் முனைகிறது. டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வரவிருந்த அது, போதிய ஆதரவின்றிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தொழில்முறை லீக் தன் ஆட்டக்காரர்களோடு பேரம் பேசிப் பெற்ற பாதுகாப்பை, பேரம் பேசும் வாய்ப்பையே மூடிவிட்டுக் கல்லூரிகளுக்கு வழங்கும் மசோதா அது. இந்த வடிவிலேயே மீண்டும் வருமானால், எதிர்க்கப்பட வேண்டியது.